கேசட்டில் மட்டும் தெரிந்த மெட்டி

வாலிநோக்கம் உப்பளத்து இராமலட்சுமிக்குச் சினிமாப் பைத்தியம் கிடையாது. டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் குறட்டை விடுகிற ஆள். ஆனால் ஒரே ஒரு படத்தின் ஒரே ஒரு ஓட்டத்தை மட்டும் அவள் கேசட்டில் பார்த்திருக்கிறாள், சிடியில் பார்த்திருக்கிறாள், டிவிடியில் பார்த்திருக்கிறாள், கடைசியாக வந்த ப்ளூ-ரேயிலும் பார்த்துவிட்டாள். எதில் என்ன தெரியும், எதில் என்ன மறையும் என்று கேட்டால், தன் அடுக்களையில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

மூன்று நிமிஷ ஓட்டம் அது. ஓடுவது இராமலட்சுமி. அதை ஊர் நம்பவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக நம்பவில்லை.

படத்தின் பெயர் ‘உடங்காட்டு ராத்திரி’. நாலு கல்லூரிப் பிள்ளைகள் வழிதவறி உடைமரக் காட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்ட ஒருவன் அரிவாளோடு வந்து ஒவ்வொருவராக வெட்டுகிறான். ஒரு பெண் மட்டும் முள்ளுக்குள் வெறுங்காலோடு ஓடிக் கடற்கரைக்கு வந்து பிழைக்கிறாள். அவ்வளவுதான் கதை. தொண்ணூற்று ஒன்றில் எடுத்தார்கள். தியேட்டரில் நாலு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் கேசட்டாக வளைகுடா நாடுகளுக்குப் போய், அங்கே விடுதி அறைகளில் திரும்பத் திரும்ப ஓடி, எங்கெங்கோ ரசிகர்களைப் பிடித்துவிட்டது. இன்றைக்குக் கோணிச்சாக்குப் படம் போட்ட பனியன் மாட்டிக்கொண்டு திரிகிற பையன்கள் மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். நல்ல படமா என்று இராமலட்சுமியைக் கேட்டால், “அதென்ன படம், ஆடு வெட்டுற மாதிரி வெட்டுறான்” என்பாள். ஆனால் அந்த மூன்று நிமிஷத்தைக் குறை சொன்னால் சும்மா விடமாட்டாள்.

வாலிநோக்கத்துக்கு மேற்கே உடைமரக் காட்டில்தான் படப்பிடிப்பு. அப்போது அவளுக்கு இருபது வயது. காளிதாஸைக் கட்டி நாலு மாதம். இரண்டு பேரும் உப்பளத்தில் கூலி. கதாநாயகி முள்ளைப் பார்த்ததும் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாளாம். பதிலுக்கு ஓட ஒரு பெண் வேண்டும் என்று உப்பளத்துக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவன் பாத்தி ஓரத்தில் நின்று பெண்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, “இங்க உள்ளவங்களால ஓடிர முடியுமா? வேண்டாம்ப்பா, ஒரு பையனுக்குச் சேலை கட்டிரலாம்” என்று சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இராமலட்சுமி உப்பு வாருகிற வாருபலகையைப் போட்டுவிட்டுப் போனாள். வேறு எந்த ஆசையும் இல்லை.

அங்கே போனதும் தகராறு காலில் ஆரம்பித்தது. டைரக்டர் அவள் காலைப் பார்த்தார்.

“மெட்டியக் கழட்டும்மா. படத்துல நீ காலேஜ் பொண்ணு. கல்யாணம் ஆகாதவ.”

“கழட்ட மாட்டேன்.”

“பாக்கிறவன் சிரிப்பான்மா.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். எம் புருசன் அந்தா நிக்கிறாரு, முழுசா. அவரு இருக்கையில நான் எதுக்கு மெட்டியக் கழட்டணும்? வேணும்னா அந்தப் பையனுக்கே சேலையக் கட்டுங்க, நான் போறேன்.”

காளிதாஸ் படக்காரர்கள் கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்றான்; உப்பளத்திலிருந்து அவளோடு வந்தவன் அவன் ஒருவன்தான். அவன் சிரித்தான் என்று அவளுக்கு ஞாபகம். காமிராக்காரர்தான் சமாதானம் பண்ணினார். காமிராவில் பதிவாவது கிட்டத்தட்டச் சதுரமான படமாம். தியேட்டரில் மேலேயும் கீழேயும் கொஞ்சம் மறைத்து, அகலமாகக் காட்டுவார்களாம். “கால் எப்படியும் மறைஞ்சிரும் சார், ஓட விடுங்க” என்றார். டைட்டிலில் பெயர் போடுகிறோம் என்று உதவி டைரக்டர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ‘ராத்திரி’ என்று பெயர் வைத்த படத்தை உச்சி வெயிலில்தான் எடுத்தார்கள். பிறகு நீலமாக இருட்டடித்துக்கொள்வார்களாம். அந்த வெயிலில் அவள் ஐந்து தடவை ஓடினாள். சாயங்காலம் காளிதாஸ் அவள் காலை மடியில் வைத்து ஊக்கால் பதினோரு முள் எடுத்தான். ஒவ்வொரு முள்ளுக்கும் அந்த டைரக்டரை ஒரு வசவு வைதான்.

அவள் மெட்டி ஜோடி சேராத மெட்டி. கல்யாணமான இரண்டாம் மாதம் இடது கால் மெட்டி பாத்திச் சேற்றில் கழன்று போய்விட்டது. எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை. மாமியார்தான் தன் பெட்டியிலிருந்து பழைய மீன் மெட்டி ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வலது காலில் கம்பி சுற்றிய மெட்டி, இடது காலில் மீன். ஊரில் வேறு யாரும் இப்படிப் போட்டதில்லை.

படம் இராமநாதபுரம் தியேட்டருக்கு வந்தபோது உப்பளமே வேன் பிடித்துப் போனது. ஓட்டம் வந்தது. முதுகு தெரிந்தது, பறக்கிற முடி தெரிந்தது, முழங்கால் வரைக்கும் பாவாடை தெரிந்தது. முகம் இல்லை, கால் இல்லை. டைட்டிலில் பெயரும் இல்லை. காளிதாஸின் அக்கா முத்தழகு வேனில் திரும்பும்போது தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: “ஓடுனது அந்த நடிகைதான். இவ தண்ணி தூக்கிக் குடுக்கப் போனவ. அளந்து விட்டுட்டா.” அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் ‘சினிமாக்காரி’. உப்பு எடுக்கப் போனால் சினிமாக்காரி, ரேஷன் கடையில் நின்றால் சினிமாக்காரி. பொய் சொல்கிற பிள்ளையை அதட்டக்கூட அந்தப் பெயர்தான். இராமலட்சுமி ஒருநாளும் அழவில்லை. கூப்பிட்டவளைத் திரும்பிப் பார்த்து, “ஆமா, நான்தான் ஓடுனேன், ஒனக்கு ஏலுமா?” என்று கேட்டுவிட்டு நடப்பாள். உள்ளுக்குள் எரியாமல் இருக்குமா? எரிந்தது.

மூன்று வருஷம் கழித்துக் கீழக்கரையில் துபாய்க்காரர் வீடு ஒன்றுக்கு உப்பு மூட்டை இறக்கப் போனார்கள் புருஷனும் பெண்டாட்டியும். அந்த வீட்டு வீடியோ டெக்கில் இந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. டிவிப் பெட்டி சதுரம் இல்லையா, கேசட் போட்டவன் மேலேயும் கீழேயும் எதையும் மறைக்காமல் முழுப் படத்தையும் விட்டுவிட்டான். இராமலட்சுமி வாசலில் நின்றபடியே பார்த்தாள். நீல இருட்டில் கால் இரண்டும் தரையில் பாவுகின்றன. முள்வேலியைத் தாண்டும் இடத்தில் காமிரா தாழ்ந்து, இரண்டு மெட்டியும் பளிச்சென்று மின்னுகின்றன. “அந்தா ஓம் மெட்டி! மீனு! மீனு!” என்று காளிதாஸ் மூட்டையோடு கத்தியதில் வீட்டுக்காரர் திருடன் வந்துவிட்டான் என்று ஓடி வந்தார்.

மறுவாரம் முத்தழகைக் கெஞ்சிக் கூட்டிப் போனார்கள். அதற்குள் அந்த வீட்டில் அதே கேசட்டின் மேல் மகள் நிக்காஹ்வைப் பதிந்துவிட்டிருந்தார்கள். முத்தழகு ஒரு மணி நேரம் பிரியாணி பரிமாறுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். கேலி இரண்டு மடங்கானது.

அதன் பிறகு எந்த வடிவில் அந்தப் படம் வந்தாலும் காளிதாஸ் தேடி வாங்கிவருவான். ராமேஸ்வரம் பஸ் நிலையத்தில் சிடி கிடைத்தது. அதில் படம் முழுக்க அடியில் ஒரு பட்டை ஓடியது, ஏதோ நகைக்கடையின் போன் நம்பரோடு. கால் அந்தப் பட்டைக்குள் போய்விட்டது. அதுமட்டுமா, அதில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தான். கடற்கரையில் கிழக்கே ஓடுகிறவளுக்குக் கடல் வலது பக்கம் இருக்க வேண்டும், இதில் இடது பக்கம் கிடந்தது. “இவனுக எந்த ஊர்க் கடலுக்கு ஓட விடுறானுக?” என்று காளிதாஸ் அரற்றினான். டிவிடி வந்தது. தியேட்டரில் பார்த்ததுபோல அகலப் படம், மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. கால் கறுப்புக்குள்ளே. ஊரில் யாரிடமும் காட்ட ஒன்றுமில்லை. கண்ணால் கண்ட சாட்சி அவன் ஒருவன்தான்.

அந்தச் சாட்சியும் எட்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான்.

பதினாறாம் நாள் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பொட்டு போனது, பூ போனது, வளையல் போனது, தாலியும் போனது. எல்லாவற்றுக்கும் கல்போல உட்கார்ந்திருந்தாள். முத்தழகு கால்பக்கம் வந்து மெட்டியில் கை வைத்ததும் காலை இழுத்துக்கொண்டாள்.

“கழட்ட மாட்டேன் மயினி.”

“என்னடி பேசுற? தம்பியே போயிட்டான், மெட்டி யாருக்குடி?”

“எனக்கு. அவரு உசிரோட இருக்கையில டைரக்டர் கழட்டச் சொன்னான், கழட்டல. இப்ப நீங்க சொல்லியும் கழட்ட மாட்டேன். நான் ஓடுனேன்னு சொல்றதுக்கு இருந்த ஒரே ஆளு போயிட்டாரு. இதாவது இருக்கட்டும்.”

கூட்டம் வாயில் கை வைத்தது. முத்தழகு ஒரு வருஷம் பேசவில்லை. கோயில் பொங்கலுக்குக் கூப்பிடவில்லை, விசேஷ வீட்டில் முன்னால் நிற்க விடவில்லை. புருஷன் செத்தவள் மெட்டியோடு நடக்கிறாள் என்று பக்கத்து ஊர் வரைக்கும் பேச்சு. இராமலட்சுமி அதே காலோடு பாத்தியில் இறங்கினாள். உப்புத் தண்ணீரில் வெள்ளி கறுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தாள்.

கீழக்கரையில் அம்ரீன் என்று ஒரு பெண். பழைய கல்யாண கேசட்டுகளை வாங்கிப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வயசு, வெடுக்கென்று பேசுகிறவள். பேய்ப்படம், வெட்டுக்குத்துப் படம் என்றால் உயிர். ஒரே படத்தின் வெவ்வேறு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எதில் எது வெட்டுப்பட்டது, எதில் நிறம் மாறியது என்று யூடியூபில் போடுவாள். அவள் கடையில் யார் யார் வீட்டுக் கேசட்டெல்லாமோ வந்து குவியும் என்று கேள்விப்பட்டுப் போன வருஷம் இராமலட்சுமி பஸ் ஏறினாள். படத்தின் பெயரைச் சொன்னதும் அம்ரீன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

“உடங்காட்டு ராத்திரியா? அக்கா, அந்த மெட்டிப் பிழை இருக்கிற கேசட்டத்தானே தேடுறீங்க?”

இராமலட்சுமிக்குப் புரியவில்லை. அம்ரீன்தான் சொன்னாள். கேசட் பார்த்த ரசிகர்களுக்குள் இது பெரிய சண்டையாம். கல்லூரிப் பெண் காலில் மெட்டி எப்படி வந்தது? அவளுக்கு ரகசியக் கல்யாணம் ஆகியிருக்கிறது, சாக்கு மாட்டியவன்தான் புருஷன் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம்.

இராமலட்சுமி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எம் புருசன் சாக்கு தூக்குனவருதான் ஆத்தா, அது உப்புச் சாக்கு” என்றாள். பிறகு சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, காலைக் காட்டினாள். அம்ரீன் குனிந்து பார்த்தாள். நிமிர ரொம்ப நேரமாயிற்று. “மாஷா அல்லாஹ்” என்றாள் மெதுவாக.

கேசட் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. துபாயிலிருந்து வந்த ஒரு குடும்பத்து டிரங்குப் பெட்டியில், பூஞ்சை பிடிக்காமல், மேலே நிக்காஹ் ஏதும் பதியாமல் இருந்தது. அதே சமயத்தில்தான் ப்ளூ-ரேயும் வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று மூல நெகடிவைத் தேடிப் பிடித்து, ரசிகர்கள் கேட்டபடி மேலும் கீழும் மறைக்காத முழுப் படமாகவே போடுகிறோம் என்று விளம்பரம் செய்தது. இனிமேல் கால் எங்கே ஒளியும் என்று இராமலட்சுமி நிம்மதியாக இருந்தாள்.

அம்ரீன் கடைக் கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்கள். கேசட்டில் நடுநிசி. ப்ளூ-ரேயில் பட்டப்பகல். இருட்டடிக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போல. உச்சி வெயிலில் கதாநாயகி டார்ச் அடித்துக்கொண்டு வழி தேடுகிறாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். முள்வேலி வந்தது. கேசட்டுப் பக்கம் மீனும் கம்பியும் மின்னின. ப்ளூ-ரேப் பக்கம் அதே கால், அதே பாதம், நகத்தில் ஒட்டிய மண்கூடத் தெரிகிறது. மெட்டி இல்லை. வழித்துத் துடைத்த விரல்கள்.

பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதில் ‘திருத்தப்பட்ட பிழைகள்’ என்று பெருமையாகப் போட்டிருந்தான். ஒன்று, மரத்தில் விழுந்த மைக் நிழல். இரண்டு, ஓரத்தில் குடை பிடித்து நின்ற ஆள். மூன்று, கல்லூரி மாணவியின் காலில் இருந்த மெட்டி. அடுத்த பக்கத்தில் கதாநாயகியின் பேட்டி. முள்காட்டில் வெறுங்காலோடு நானே ஓடினேன் என்று சொல்லியிருந்தாள்.

இராமலட்சுமி கம்ப்யூட்டரில் தன் மொட்டைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் முத்தழகு செய்ய முடியாததை எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து செய்துவிட்டான். 

“மூணாவது தப்பு நானா?” என்றாள். “ஏத்தா, யாரு காலுன்னு கேக்கல, கால்ல கிடந்தத மட்டும் உருவிட்டானுகளே!”

“விடக்கூடாதுக்கா. ராம்நாட்டுல அந்த ப்ளூ-ரே கம்பெனிக்காரங்க அடுத்த மாசம் விழா வைக்கிறாங்க. படம் எடுத்த ஊருல்ல? பதிப்புகள ஒப்பிட்டுப் பேச என்னையக் கூப்பிட்டிருக்காங்க, பாராட்டிப் பேசுவேன்னு நினைச்சு. நீங்களும் வாங்க.”

“வாரேன். தனியா வரமாட்டேன். எங்க மயினியையும் கூட்டியாரேன்.”

முத்தழகு வந்தது அன்பினால் இல்லை. சினிமாக்காரி சபையில் அசிங்கப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தாள். இராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். காலை பத்து மணிக்கே பனியன் பையன்கள் நிறைந்துவிட்டார்கள். கம்பெனி சார்பில் வினோத்குமார் என்று ஒருவர், நறுக்கென்று தாடி வைத்தவர், வரவேற்றுப் பேசினார். அடுத்து அம்ரீன் மேடையேறி, சிடியின் போன் நம்பர் பட்டையையும் டிவிடியின் கறுப்பையும் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு, கேசட்டையும் ப்ளூ-ரேயையும் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஒரு பக்கம் மெட்டியோடு கால், ஒரு பக்கம் மெட்டி இல்லாத கால்.

“இது பிழைன்னு போட்டிருக்கீங்க. இது பிழை இல்ல, ஆளு. அந்த ஆளு இங்கனதான் உக்காந்திருக்காங்க.”

இராமலட்சுமி எழுந்தாள். மண்டபம் திரும்பியது. வினோத்குமார் மரியாதையாகவே பேசினார். “அம்மா, நீங்க சொல்றத மதிக்கிறேன். ஆனா மெட்டி எல்லா அம்மாவும் போடுறாங்க. அது உங்க கால்தான்னு எப்படிம்மா தெரியும்?”

 இராமலட்சுமி நேராக நடந்துபோய், மேடையின் முதல் படியில் இடது காலைத் தூக்கி வைத்தாள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற மேடையில் காலைக் காட்டுவது மரியாதையா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது அவள் காதில் விழவில்லை. மீன் மெட்டி, ஞாயிற்றுக்கிழமைப் புளியில் வெளுத்த மீன், வெளிச்சத்தில் கிடந்தது. பிறகு வலது காலை வைத்தாள். கம்பி மெட்டி. திரையில் இருந்த இரண்டும் படியில் இருந்த இரண்டும் ஒன்றே. ஜோடி சேராத அதே ஜோடி.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முத்தழகு எழுந்து நின்றிருந்தாள். திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மீனு எங்க ஆத்தாளோடது. வாலுல ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும், அந்தா தெரியுது பாருங்க. அது இவ காலுதான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, மனசு ஆறாமல் சேர்த்துக்கொண்டாள்: “ஓடுனது இவதான், ஒத்துக்கிறேன். ஆனா தம்பி போன பின்னாடியும் போட்டுக்கிட்டுத் திரியிறா பாருங்க, அது தப்புதான்!”

பையன்கள் விசிலடித்தார்கள். இராமலட்சுமி திரும்பி முத்தழகைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷம் கேட்க நினைத்த வார்த்தை, அரைகுறையாகத்தான் வந்தது, ஆனாலும் வந்துவிட்டது.  “அது தப்பாவே இருக்கட்டும் மயினி” என்றாள்.

வினோத்குமார் மேடையை விட்டு இறங்கி வந்தார்.  அடுத்த பதிப்பில் மெட்டியைத் திரும்ப வைத்துவிடுகிறோம், டைட்டிலிலும் புத்தகத்திலும் பெயர் போட்டுவிடுகிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார். அப்புறம் காமிராவைக் கையில் எடுத்தார்.

“புத்தகத்துல போட ஒரு க்ளோசப் வேணும்மா. மெட்டிய மட்டும் கொஞ்சம் கழட்டிக் குடுங்களேன், மேசையில வச்சு எடுத்துட்டுத் தந்துடுறேன்.”

 இராமலட்சுமி காலை எடுக்கவில்லை.

“கழட்ட மாட்டேன். வேணும்னா நீ குனிஞ்சு எடு.”

வினோத்குமார் சுற்றிலும் பார்த்தார். பிறகு இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தரையில் முட்டி போட்டு, அவள் காலுக்குப் பக்கத்தில் தலையைத் தாழ்த்தினார். அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் எடுத்து முடிக்கும் வரை நின்றாள்.